தோல்காரர் தெரு இல்லாத சரித்திரம்

ஸ்விட்சர்லாந்தில் ஆற்றங்கரையிலுள்ள ஒரு சிற்றூரின் சரித்திரத்தை ஆங்கிலத்தில் எழுதியவர்களில் நானும் ஒருத்தி. அந்த ஊரை நான் பார்த்ததில்லை. எழுதியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பம்பாயில் மாதுங்காவை விட்டால் எனக்குத் தெரிந்த ஊர் பாலக்காடுதான். அதுவும் கல்யாணங்களுக்குப் போனபோது பார்த்தது. ஆறு என்று எடுத்துக்கொண்டால் மித்தி ஒன்றுதான் பக்கத்தில் இருந்தது. மாஹிம் பக்கம் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கடந்துவிடுவோம். இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் பனி உருகி வரும் நதியைப் பற்றி எழுதினேன்.

மெட்ரிக் முடித்து, டைப்பும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் பண்ணியதும் கோட்டைப் பகுதியில் ஒரு ஸ்விஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. பம்பாய் மில்களுக்குத் துணிச்சாயம் விற்கும் கம்பெனி. அங்கே வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர். பெரியவர் பெரும்பாலும் கிளப்பில் இருப்பார். இரண்டாமவருக்குத்தான் நான் ஸ்டெனோ. ஐம்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சிவந்த கழுத்து, பெரிய கைகள். சாயத்தைத் தவிர எதைப் பற்றியும் பேசமாட்டார் என்று ஆபீசில் பெயர். ஆபீஸ் டிரைவர் அவரைத் ‘தொர’ என்பார். நான் நேரில் சார் என்பேன், வீட்டில் துரை என்பேன். இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் அவருடைய ஊர்ச்சபையிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்கர்களும் ஆங்கிலேயர்களும் ஆற்றில் படகேறி வேடிக்கை பார்க்க வர ஆரம்பித்துவிட்டார்கள். மேலே உள்ள ஊரிலும் கீழே உள்ள ஊரிலும் பயணிகளுக்குக் கொடுக்க ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் இருக்கிறது, நம் ஊருக்கு இல்லை. பம்பாயில் இத்தனை காலம் இருக்கும் நம் பிள்ளைக்கு ஆங்கிலம் நன்றாக வரும், எழுதிக் கொடுக்கட்டும் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள்.

பிள்ளைக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் கொண்டுபோய் வைப்பார். தமிழச்சியான எனக்கு அதைப் புரிந்துகொள்வதில் கஷ்டமே இருக்கவில்லை. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் ஊரைச் சொல்வார். நான் குறித்துக்கொண்டு, வினைச்சொற்களை இடம் மாற்றி டைப் அடித்துக் கொடுப்பேன். அவர் படித்துவிட்டு, “நான் இவ்வளவு நன்றாகச் சொன்னேனா?” என்று கேட்பார். ஆமாம் என்பேன்.

ஊர் இப்படி. ஆற்றுக்கு நடுவே பெரிய பாறைகள். தண்ணீர் அங்கே குறுகி, இரைந்து, நுரைத்துக்கொண்டு பாயும். மேலிருந்து வரும் படகு எதுவும் அந்த இடத்தைச் சரக்கோடு தாண்ட முடியாது. ஆகவே ஊர்க்காரர்கள் சரக்கை இறக்கித் தலையில் சுமந்து ஊர்வழியே கொண்டுபோய், காலிப் படகைக் கயிறு கட்டி மெதுவாகக் கீழே விட்டு, மறுபடி சரக்கை ஏற்றிக் கொடுப்பார்கள். அதற்குக் கூலி. பாலத்தைக் கடந்தால் அதற்கு ஒரு வரி. பாறைகளுக்கு இடையே துள்ளும் பெரிய மீன்களையும் பிடித்து விற்பார்கள். அந்த ஊர் பிழைத்ததே ஆறு மற்றவர்களுக்குக் கொடுத்த தொந்தரவால்தான். துரை இதைப் பெருமையோடு சொன்னார். எங்கள் ஆபீசின் குஜராத்தி அக்கவுண்டன்ட் கேட்டுவிட்டு, நல்ல இடம், நல்ல ஜனங்கள் என்று மனதாரப் பாராட்டினார்.

பிறகு பிரெஞ்சுச் சக்கரவர்த்தி வந்தார். அவர் எங்கோ ஒரு கூடாரத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தார். அதில் ஆறு ஒரு நல்ல கோடாகத் தெரிந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு தேசம், அந்தப் பக்கம் வேறு தேசம் என்று சொல்லிவிட்டு அடுத்த சண்டைக்குப் போய்விட்டார். ஊர் ஆற்றின் இரண்டு கரையிலும் இருந்தது அவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் அக்கறை இல்லை. மாதாகோயில் ஒரு தேசத்தில் நின்றுவிட்டது, சந்தை இன்னொரு தேசத்துக்குப் போய்விட்டது. அண்ணன் ஸ்விஸ்காரன், தம்பி ஜெர்மன்காரன்.

துரையின் அத்தை அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். யுத்த காலத்தில் பாலத்தை அடைத்துவிட்டார்கள். அத்தை சௌக்கியமாக இருக்கும் நாட்களில் ஜன்னலில் சிவப்புக் கம்பளி ஒன்றைத் தொங்கவிடுவாளாம். இக்கரையில் துரையின் அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள். அப்போது துரை பம்பாயில் சாயம் விற்றுக்கொண்டிருந்தார். இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டார்.

நாங்கள் இந்தப் பகுதியை எழுதிய வருஷம்தான் பம்பாய் ராஜ்யத்தை மகாராஷ்டிரம், குஜராத் என்று இரண்டாகப் பிரித்தார்கள். அக்கவுண்டன்ட் தன் தேசம் எங்கே போய்விட்டது என்று தெரியாமல் கொஞ்ச நாள் முகம் வாடியிருந்தார். துரை அவரை அழைத்துச் சமாதானம் சொன்னார்: “கவலைப்படாதீர்கள். இருநூறு வருஷத்தில் பழகிவிடும்.”

ஊரின் குணத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் வேண்டும் என்று ஊர்ச்சபை கேட்டிருந்தது. துரை நாலைந்து நாள் யோசித்துவிட்டுச் சொன்னார். அங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை. மத்தியானம் ஜன்னல் கதவுகளை எல்லாம் சாத்திவிடுவார்கள். ஆனால் தெருவில் யார் போனாலும் எல்லாருக்கும் தெரியும். வாசற்படியை வாரம் தவறாமல் கழுவுவார்கள், முக்கியமாகப் பக்கத்து வீட்டுக்காரி கழுவுவதற்கு முன்னால். வெளியூர்க்காரர்களை ஒன்றும் சொல்லமாட்டார்கள். கடைத்தெருவில் ரொட்டிக்கடை வைத்திருப்பவரை மட்டும் எல்லாரும் ‘புது ஆள்’ என்பார்கள்.

“அவர் எப்போது வந்தார், சார்?”

“அவர் வரவில்லை. அவருடைய பாட்டனார் வந்தார், பக்கத்துக் கிராமத்திலிருந்து.”

நான் சிரித்துவிட்டேன். என் அப்பா பம்பாய்க்கு வந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. ரயில்வே ஆபீசில் அவருக்கு இன்னும் ‘மதராஸி’ என்றுதான் பெயர். துரைக்கு நான் ஏன் சிரித்தேன் என்று விளங்கவில்லை. ரொட்டிக்காரர் விஷயத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார்.

ஊரை மனதில் பிடித்துக்கொள்ள நான் ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன். கோட்டை, பாலம், சந்தை, மாதாகோயில், மேல்வாசல், கீழ்வாசல். துரை சொல்லச் சொல்ல ஒவ்வொரு தெருவாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. கீழ்வாசல் வரைக்கும் இறங்கி வருவார், அங்கிருந்து சட்டென்று மாதாகோயிலுக்குத் தாவிவிடுவார். ஒருநாள் கேட்டேன்.

“கீழ்வாசலுக்கு வெளியே ஆறு வரைக்கும் என்ன இருக்கிறது, சார்?”

“ஒன்றுமில்லை.” பேனாவை எடுத்தார், வைத்தார். “தோல் பதனிடுகிறவர்கள் தெரு. அதெல்லாம் பயணிகளுக்கு வேண்டியதில்லை. நாற்றம் அடிக்கும் என்று மதிலுக்கு வெளியே வைத்திருந்தார்கள். ஊரைத் தாண்டி, ஆற்றின் கீழ்ப்பக்கம்.”

“எங்கள் தாராவி மாதிரி” என்றேன்.

பம்பாயில் அத்தனை வருஷம் இருந்தவருக்கு தாராவி என்ற பெயர் தெரியவில்லை. விமான நிலையத்துக்குப் போகும்போது காரின் கண்ணாடியை ஏற்றிவிடுவோமே, அந்த இடம் என்று சொன்னேன். நான் வரைந்த படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு, “அது தோல் நாற்றமா? சாக்கடை என்று நினைத்தேன்” என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, “அங்கே ஒருமுறை போக முடியுமா?” என்று கேட்டார்.

ஆபீஸ் டிரைவர் தாராவிக்காரர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, கவர்னரின் டிரைவர் போல இருப்பார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“ஏம்மா, தொர அங்க எதுக்கு வாராவளாம்?”

“தோல் பதனிடற இடத்தைப் பார்க்கணுமாம்.”

“பாக்கதுக்கு என்ன இருக்கு? அந்த வாடைக்காகத்தான எல்லாரும் கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் போறாவ.” பிறகு யோசித்து, “சரி, எங்க ஊர்க்காரரு ஒருத்தரு அங்க மேஸ்திரியா இருக்காரு. சொல்லி வைக்கேன். நீங்களும் வாரியளா?” என்றார்.

நான் போகாமல் எப்படி? துரைக்குத் தமிழ் தெரியாது, மேஸ்திரிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் டிரைவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் மாதுங்கா, அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் தாராவி. இரண்டிலும் தமிழ்தான். மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்த நான் அதுவரை அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. ஸ்விட்சர்லாந்தில் மீன் எந்தப் பாறையில் துள்ளும் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்து போனோம். காரைப் பெரிய ரோட்டில் நிறுத்திவிட்டுச் சந்துக்குள் நடந்தோம். மேஸ்திரி வாசலில் நாற்காலி போட்டு, சோடா வாங்கி வைத்து, புதுத்துண்டு போர்த்திக்கொண்டு நின்றார். துரை நாற்காலியைப் பார்க்கவேயில்லை. நேராக உள்ளே போனார். நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனேன்.

சுண்ணாம்புத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. அவற்றைத் தாண்டி, பட்டை ஊறும் தொட்டி ஒன்றின் விளிம்பில் துரை நின்றுவிட்டார். குனிந்து அந்தப் பழுப்புத் தண்ணீரை முகர்ந்தார்.

“என்ன பட்டை என்று கேள்.”

கேட்டேன். “ஆவாரம்பட்டைம்மா. கடைசில கடுக்காயும் போடுவோம்” என்றார் மேஸ்திரி. ஆவாரைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் பூப் பூக்கும் ஒரு செடி என்றேன்.

“எங்களுக்கு ஓக் மரப்பட்டை” என்றார் துரை.

எங்களுக்கு என்று அவர் சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஒரு மூலையில் சாய்வாக வைத்த உருண்டைக் கட்டையின்மேல் ஈரத்தோலை விரித்துப் போட்டு ஒருவர் சீவிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தி. துரை கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, கத்தியைக் கேட்டுக் கையை நீட்டினார். அந்த ஆள் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பார்க்க யாரும் இல்லாததால், கொடுங்கள் என்றேன்.

முதல் இழுப்பில் கத்தி வழுக்கியது. இரண்டாவதிலும் சரியாக வரவில்லை. வயிற்றைக் கட்டையோடு அழுத்திக்கொண்டு, காலை அகட்டி நின்று, மூன்றாவது தடவை மேலிருந்து கீழே தள்ளினார். சதை நீளமாக, ஒரே அகலத்தில் உரிந்து வந்து அவருடைய பளபளப்பான பூட்ஸின்மேல் விழுந்தது. நிறுத்தாமல் சீவிக்கொண்டே போனார். கழுத்து இன்னும் சிவந்துவிட்டது. 

மேஸ்திரிதான் முதலில் வாயைத் திறந்தார். “ஏம்மா, இது பழகின கையில்லா! தொர தமாசு பண்ணுதாருன்னுல்லா நெனச்சேன்.”

துரை கத்தியை உரியவரிடம் கொடுத்துவிட்டு, சோடாவைக் குடித்துவிட்டு, எல்லாருக்கும் கைகொடுத்தார். காரில் ஏறிய பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

“என் தகப்பனாருக்கு அந்தத் தெருதான். பதினாறு வயது வரை எனக்கும். பிறகு சாயப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் எங்களுக்குக் கடைசி பெஞ்சு. யாரும் அங்கே உட்காரச் சொன்னதில்லை. நாங்களே போய் அங்கே உட்காருவோம்.”

டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அன்று காரின் ஜன்னல்கள் கடைசிவரை திறந்தே இருந்தன.

தோல்காரர் தெரு அத்தியாயத்தை துரை இரண்டே மத்தியானத்தில் சொல்லி முடித்தார். வினைச்சொற்களைக்கூட நான் அதிகம் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. புத்தகத்தில் உயிருள்ள பகுதி அது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

வீட்டில் நடந்ததையும் சொல்லவேண்டும். அம்மாவுக்கு துரைமேல் பிரியம் உண்டு. கல்யாணமாகாதவர், கண்டதைச் சாப்பிடுகிறவர் என்று அடிக்கடி முறுக்கோ தட்டையோ எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புவாள். அவரும் காலி டப்பாவைத் தவறாமல் கழுவித் துடைத்துத் திருப்பி அனுப்புவார். அன்று சாயங்காலம் நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“தாராவிக்கா? நீ எதுக்காக்கும் அவ்டே போனே? போய்க் குளிச்சுட்டு வா முதல்ல” என்றாள். குளித்துவிட்டு வந்தேன். அதற்குள் யோசித்து வைத்திருந்தாள். “அப்போ அவா ஆத்துல அதுதான் தொழிலாக்குமா?”

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “வெள்ளைக்காரனுக்கு என்னடி ஜாதி?” என்றார்.

“நான் ஜாதியைப் பத்திப் பேசலையே. கேட்டேன், அவ்வளவுதான்.”

அடுத்த வாரமும் முறுக்கு போயிற்று. டப்பாவை என் கையில் கொடுக்கும்போது அம்மா சொன்னாள்: “டப்பாவைத் திருப்பித் தரவேண்டாம்னு சொல்லு. அவரே வெச்சுக்கட்டும்.”

நான் அப்படியே சொன்னேன். துரை டப்பாவை மேஜைமேல் வைத்து, இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தார். இந்தியாவில் தனக்கு ஒரு குடும்பம் கொடுத்த முதல் பரிசு அது என்றார். கண் கலங்கியிருந்தது. என் அம்மாவுக்கு நன்றி சொல்லச் சொன்னார். சொன்னேன். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு மாதம் ஒரு புது டப்பா போக ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் பண்டம் போட்டு வைக்கப் பாத்திரமே இல்லாமல் போன பிறகுதான் அவள் பழைய வழக்கத்துக்குத் திரும்பினாள்.

புத்தகம் அச்சாகி வந்தது. வழுவழுப்பான தாளில் அழகான படங்கள். பாலம், கோட்டை, மாதாகோயில். பாறைகள் இருந்த இடத்தில் இப்போது மின்சார அணை. அதன் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். தொந்தரவில் பிழைத்த ஊர் மின்சாரத்தில் பிழைக்கிறது. ‘புது ஆள்’ பற்றிய வரி இல்லை. ஊரின் குணம் விருந்தோம்பல் என்று போட்டிருந்தது. தோல்காரர் தெரு அத்தியாயம் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் பம்பாயிலுள்ள துரைக்கு நன்றி சொல்லி, அவருடைய தகப்பனாரை ‘வியாபாரப் பிரமுகர்’ என்று குறிப்பிட்டிருந்தார்கள்.

துரை அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். “மரியாதையாகத்தான் செய்திருக்கிறார்கள்” என்றார். அன்று வேறு எதுவும் டிக்டேட் செய்யவில்லை.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். மாலை போட்டு, ஒரு சந்தனமர யானை கொடுத்து வழியனுப்பினோம். டிரைவர் விமான நிலையம் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, மறுநாள் முழுவதும் காரைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை, துரை திரும்பி வந்துவிட்டார். செம்பூரில் ஒரு சிறிய பிளாட் எடுத்துக்கொண்டு, மில்களுக்குச் சாய விஷயமாக யோசனை சொல்லிக் காலம் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவர் தேவாலயம் முடிந்து குடும்பத்தோடு போய் அவரைப் பார்த்துவிட்டு வருவார். எனக்கு அதற்குள் கல்யாணமாகி மாதுங்காவிலேயே குடித்தனம். சனிக்கிழமைகளில் துரை மாதுங்காவிலுள்ள ஒரு ஹோட்டலுக்குக் காபி குடிக்க வருவார். என் கணவர் ஊரில் இருந்தால் அவரும் வருவார், இல்லாவிட்டால் நான் மட்டும் போவேன். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“யாரும் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை” என்றார். “என்னை ‘இந்தியாக்காரர்’ என்று கூப்பிட்டார்கள். எப்போது திரும்பப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். முதலில் கேட்டவர் ரொட்டிக்கடைக்காரர். தினமும் கேட்டுக் கேட்டு, அது எனக்கே நியாயமான கேள்வியாகப் பட்டுவிட்டது.”

அறுபதுகளின் கடைசியில் பம்பாயிலும் அதே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்கள், கொஞ்சம் உரக்க. மதராஸிகள் எங்கள் வேலைகளைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், ஊரைப் பார்க்கப் போகட்டும் என்று கூட்டம் போட்டார்கள். ஹோட்டல்கள்மேல் கல் விழுந்தது. ஒரு சனிக்கிழமை நானும் துரையும் காபிக்கு உட்கார்ந்திருந்தபோது எங்கள் ஹோட்டலுக்கும் வந்தார்கள். முதலாளி ஓடிப்போய் ஷட்டரை இழுப்பதற்குள் முன்பக்கக் கண்ணாடி உடைந்து சிதறிவிட்டது. ஏழெட்டு இளைஞர்கள் உள்ளே நுழைந்தார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் வெளியே போகவேண்டும் என்று முன்னால் வந்தவன் இந்தியில் கத்தினான். நான் எழுந்து நின்றுவிட்டேன். 

துரையும் எழுந்தார். அவருக்கு மில் தொழிலாளிகளிடம் கற்றுக்கொண்ட இந்தி தெரியும். “ஹம் பீ பாஹர் கா ஆத்மி” என்றார். நானும் வெளியூர்க்காரன்தான்.

அந்தப் பையனுக்குச் சங்கடமாகிவிட்டது. கையிலிருந்த தடியைப் பின்னால் மறைத்துக்கொண்டான். “நஹீ சாஹிப், நஹீ. நீங்கள் விருந்தாளி. உட்காருங்கள்” என்றான். துரையின் காபியில் கண்ணாடித் துண்டு விழுந்திருந்ததைப் பார்த்து, கவுண்டரின் பக்கம் திரும்பி, சாஹிபுக்கு வேறு காபி கொண்டுவா என்று முதலாளிக்கு உத்தரவு போட்டான். என்னை ஒருதரம் பார்த்தான். நான் அவருடைய பக்கத்தில் நின்றதால் என்னையும் விருந்தாளியில் சேர்த்துக்கொண்டான் போலிருக்கிறது. கூட்டம் அடுத்த ஹோட்டலைப் பார்க்கப் போயிற்று.

துரை உட்காரவில்லை. புதுக் காபி வந்தபோது அதைத் தொடவுமில்லை. அவர் முகம் அவ்வளவு வெளிறி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதலாளி, உடுப்பிக்காரர், நல்ல மனுஷர். கண்ணாடியைப் பெருக்கச் சொல்லிவிட்டு, ஓர் ஏணியும் சாக்குத்துணியும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பெயர்ப்பலகையை மூடவேண்டும். கடைப் பையன்கள் எல்லாரும் பின்பக்கமாக ஓடிவிட்டிருந்தார்கள். துரை போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். முதலாளி ஏறி நின்று, கீழே என்னைப் பார்த்து, ‘மெட்ராஸ்’ என்பதை மட்டும் மறைத்தால் போதுமா, ‘காபி’யையும் சேர்த்து மறைக்க வேண்டுமா என்று கேட்டார்.

காபி இருக்கட்டும் என்றேன்.